சொல்லைச் சாவியாக்குதல்

விருந்தாளி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த கையோடு கேட்பது, “வைஃபை பாஸ்வேர்டு என்ன?” நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் அதற்குப் பதில், வீட்டில் யாரோ ஒருவருடைய கைபேசி எண். பத்து இலக்கம், எல்லாருக்கும் மனப்பாடம். விருந்தாளி அதைத் தட்டுகிறார், இணைப்பு கிடைத்துவிடுகிறது.

அந்தப் பத்து இலக்கத்துக்கும் இணைப்புக்கும் நடுவில் ஒரு வேலை நடக்கிறது. டபிள்யூபிஏ2 முறையில் இயங்கும் ரூட்டர், நீங்கள் வைத்த கடவுச்சொல்லை அப்படியே பயன்படுத்துவதில்லை. கடவுச்சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து எடுத்து, ஒரு கணக்கை 4,096 சுற்று ஓட்டி, 256 பிட் நீளமுள்ள ஒரு சாவியை உண்டாக்குகிறது. விருந்தாளியின் கைபேசியும் தன் பக்கத்தில் அதே கணக்கைப் போட்டு அதே சாவிக்கு வந்து சேர்கிறது. சாவி காற்றில் போவதே இல்லை. தங்களிடம் இருப்பது ஒரே சாவிதான் என்பதை நான்கு செய்திகளைப் பரிமாறி இரண்டும் உறுதி செய்துகொள்கின்றன.

ஏன் 4,096 சுற்று? பெயர் எதற்கு? பத்து இலக்கம் போதுமா? மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், கடவுச்சொல்லைச் சாவியாக மாற்றும் கலையில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

முதலில் சாவி என்றால் என்ன என்று பார்ப்போம். குறியாக்கவியல் கற்க வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சிக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும். அதை 128 முறை சுண்ட வேண்டும். தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 0 என்று வரிசையாக எழுத வேண்டும். எழுதி முடித்த காகிதத்தில் இருப்பது, ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான ஓர் உண்மையான சாவி. அப்படி அமையக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். உலகில் உள்ள எல்லாக் கணினிகளையும் ஒன்றாகப் பூட்டினாலும் அத்தனையையும் முயன்று பார்க்க முடியாது. இப்போது காகிதத்தை மூடி வைத்துவிட்டு, எழுதியதை ஒப்பிக்கச் சொல்வேன். இருபது பிட்டைத் தாண்டியவர் அபூர்வம்.

மனிதனால் சாவியை நினைவில் வைக்க முடியாது, சொல்லைத்தான் வைக்க முடியும். அதனால் புதியவர்கள் எல்லாரும் ஒரே குறுக்கு வழிக்குப் போகிறார்கள். என்னிடம் படித்த ஒரு மாணவி தன் நாட்குறிப்பைப் பூட்ட ஒரு நிரல் எழுதிக் கொண்டுவந்தாள். ஏஇஎஸ்ஸுக்கு 16 பைட் சாவி வேண்டும். அவளுடைய கடவுச்சொல் எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்து. மீதி எட்டு இடத்தில் பூஜ்யங்களை நிரப்பிவிட்டாள். நிரல் ஒழுங்காக ஓடியது, கோப்பு படிக்க முடியாதபடி மாறியது. எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது.

பூட்டு 128 பிட்டுடையது, சாவியோ அப்படி இல்லை. எதிராளிக்கு உன் முறை முழுக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே பாதுகாப்பை அமைக்க வேண்டும் என்று ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883லேயே எழுதிவிட்டார். பின்பாதி பூஜ்யம் என்று தெரிந்தவன் முன்பாதியை மட்டும் முயன்றால் போதும். எட்டுச் சிற்றெழுத்தில் அமையும் சொற்கள் சுமார் 20,883 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். நொடிக்கு 100 கோடி சாவிகளை முயலும் இயந்திரத்துக்கு அது மூன்றரை நிமிட வேலை. அந்த எட்டு எழுத்தும் குருட்டாம்போக்காகத் தேர்ந்தவை என்றால்தான் அந்த மூன்றரை நிமிடமும். ஒரு பெயராகவோ ஊராகவோ இருந்தால் அது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட 1960களின் பல்கலைக்கழகத்துக்காரர்கள். எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான சிடிஎஸ்எஸ் அமைப்பில் எல்லாருடைய கடவுச்சொல்லும் ஒரு கோப்பில் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 1966இல் ஒருநாள் உள்ளே நுழைந்தவர்களின் முனையத்தில் அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் கடவுச்சொல் பட்டியல் முழுவதும் வந்து நின்றது. இரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில் திருத்தும்போது அவற்றின் தற்காலிகப் படிகள் இடம் மாறிவிட்டன. யாரும் உடைக்கவில்லை, யாரும் திருடவில்லை. சொல்லைச் சொல்லாகவே வைத்திருந்தால் ஒரு சிறு பிசகு போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் ஒரு வழி கண்டார். கடவுச்சொல்லை வைக்க வேண்டாம். அதை ஒரு வழிச் சார்பில் போட்டு வரும் விடையை மட்டும் வைத்தால் போதும். அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாதது போல, விடையிலிருந்து சொல்லுக்குத் திரும்ப முடியாது. பயனர் மறுபடி வந்து சொல்லைக் கொடுக்கும்போது அதையும் அரைத்து, பழைய மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்று இந்தச் சார்பை ஹேஷ் என்கிறோம்.

திரும்பிப் போக முடியாதுதான், ஆனால் முன்னோக்கிப் போய்ப் பார்க்கத் தடையில்லை. ஒரு சொல்லை ஊகித்து அரைத்துப் பார், பொருந்தவில்லையா, அடுத்த சொல். இந்த ஊகத் தாக்குதலை ஆழமாக ஆராய்ந்த முதல் கட்டுரை, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்டது. குறியாக்கவியல் படிக்க வருகிற ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியது அது என்பேன். சில பக்கங்கள்தான். அதிலுள்ள கணிதம் பள்ளிக் கணிதத்தைத் தாண்டாது.

யுனிக்ஸ் அமைப்பில் அவர்கள் முதலில் பயன்படுத்தியது, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் வைத்திருந்த எம்-209 குறியாக்கப் பொறியைப் போலச் செய்யும் ஒரு நிரல். அதில் கண்ட குறை, அது மிக வேகமாக ஓடியது என்பது. மற்ற எல்லா மென்பொருளிலும் வேகம் நல்ல குணம். இங்கே மட்டும் ஊகிக்கிறவனுக்கும் அதே வேகம் கிடைத்துவிடுகிறது. அடுத்ததாக மக்கள் என்ன மாதிரிச் சொற்களை வைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சேகரித்த 3,289 கடவுச்சொற்களில் 15 வெறும் ஓர் எழுத்து. 72 இரண்டு எழுத்து. 464 மூன்று எழுத்து. இப்படியே எண்ணிக்கொண்டு போய், அகராதிச் சொற்களையும் பெயர்களையும் சேர்த்தபோது 2,831 சொற்கள், அதாவது 86 விழுக்காடு, எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று தெரிந்தது.

அவர்கள் இரண்டு மாற்றங்களைச் செய்தார்கள். இன்றுவரை நாம் செய்துகொண்டிருப்பது அந்த இரண்டையும்தான்.

ஒன்று, வேண்டுமென்றே மெதுவாக்குவது. கடவுச்சொல்லைச் சாவியாக வைத்து டிஇஎஸ் குறியாக்கத்தை ஒருமுறைக்குப் பதில் 25 முறை அடுத்தடுத்து ஓட்டினார்கள். இன்னொன்று உப்பு. ஆம், ஆங்கிலத்திலும் உப்பு என்றே பெயர். ஒவ்வொரு பயனருக்கும் 12 பிட் நீளத்தில் ஓர் எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்து, கடவுச்சொல்லோடு சேர்த்து அரைப்பது. உப்பு ரகசியம் இல்லை, விடையின் பக்கத்திலேயே எழுதி வைக்கப்படும். புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். ரகசியம் இல்லாத ஒன்று எப்படிப் பாதுகாப்பைக் கூட்டும்?

உப்பில்லாத பட்டியலில், திருடன் ஒரு சொல்லை ஒருமுறை அரைத்து வரும் விடையைப் பத்து லட்சம் பயனர்களோடும் ஒப்பிடலாம். ஒரு ஊகத்தின் செலவில் பத்து லட்சம் கதவுகளைத் தட்டிப் பார்த்த மாதிரி. இன்னும் மேலே போய், அகராதி முழுவதையும் முன்கூட்டியே அரைத்து அட்டவணையாக விற்கவும் செய்யலாம். ஒவ்வொருவருக்கும் வேறு உப்பு என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரைக்க வேண்டும், அட்டவணையும் பயன்படாது. 2012இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து வெளியே வந்த 65 லட்சம் ஹேஷ்கள் உப்பிடாதவை. மாரிஸும் தாம்சனும் எழுதி 33 ஆண்டுகள் ஆன பிறகு!

வைஃபையில் அந்த உப்பின் இடத்தில் இருப்பது உங்கள் ரூட்டரின் பெயர்தான். கடையிலிருந்து வந்த பெயரையே விட்டுவைத்தால், ஊரில் பல வீடுகளுக்கு ஒரே உப்பு. பரவலான பெயர்களுக்கு அட்டவணைகள் முன்னரே போடப்பட்டிருக்கின்றன.

மாரிஸின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1988 நவம்பரில் இணையத்தின் முதல் பெரிய புழு கணினிகளுக்குள் பரவியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று கடவுச்சொல் ஊகம். பயனர் பெயரையும் அதன் தலைகீழ் வடிவத்தையும் முயன்ற பிறகு, தன்னுடனேயே கொண்டுவந்த 432 சொற்களின் பட்டியலை முயன்றது. நானூற்றுச் சொச்சம் சொல்லே பல கணினிகளைத் திறக்கப் போதுமானதாக இருந்தது. அதை எழுதியவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். 1979 கட்டுரையை எழுதிய ராபர்ட் மாரிஸின் மகன்.

25 முறை என்பது 1970களின் கணினிக்குப் போதுமான தாமதம். கணினிகள் வேகமாகிக்கொண்டே போனபோது அந்த எண் உறைந்துபோய் நின்றது. 1997இல் ஜான் கெல்சி, புரூஸ் ஷ்னையர், கிறிஸ் ஹால், டேவிட் வேக்னர் நால்வரும் சிறிய ரகசியத்தை நீட்டிப் பெரிய சாவியாக்குவதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். 1999இல் நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மசியேரும் பிகிரிப்ட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் செலவு எண் ஒன்று உண்டு; அதை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். கணினி வேகமாக ஆக, எண்ணைக் கூட்டிக்கொண்டே போகலாம். நாளைய இயந்திரத்தை நினைத்து இன்றைக்கே ஒரு திருகு வைத்துவிட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இதுதான்.

2000இல் வந்த பிபிகேடிஎஃப்2 என்ற முறை இன்றும் பரவலாகப் புழங்குகிறது. உங்கள் ரூட்டர் ஓட்டுவதும் இதையே. உள்ளே நடப்பது கடினமில்லை. கடவுச்சொல்லையும் உப்பையும் சேர்த்து ஒருமுறை அரை. வந்த விடையைக் கடவுச்சொல்லோடு சேர்த்து மறுபடி அரை. அதில் வந்ததை மறுபடி. ஒவ்வொரு சுற்றின் விடையையும் பிட் பிட்டாக ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்துகொண்டே வா. கடைசியில் கையில் இருப்பது சாவி. ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தைய சுற்றின் விடை தேவைப்படுவதால் நடுவில் தாவ முடியாது, சுற்றுகளைப் பிரித்துப் பலரிடம் கொடுக்கவும் முடியாது. வந்த புதிதில் குறைந்தது 1,000 சுற்று என்றார்கள். 2023இல் மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு சொன்ன எண் 6,00,000.

இந்த 6,00,000 என்ன செய்கிறது என்று மாணவியின் எட்டெழுத்தில் போட்டுப் பார்ப்போம். சொந்தக்காரிக்கு ஒருமுறை திறக்க நொடியில் ஒரு பகுதி கூடுதலாகும், அவ்வளவுதான். ஊகிக்கிறவனுக்கோ ஒவ்வொரு ஊகத்துக்கும் 6,00,000 மடங்கு வேலை. மூன்றரை நிமிடம் கிட்டத்தட்ட நான்கு ஆண்டாகிறது. நாம் ஒருமுறை கொடுக்கும் செலவை அவன் ஒவ்வொரு தவறான ஊகத்துக்கும் கொடுக்க வேண்டும். சொல்லைச் சாவியாக்கும் முறைகள் அத்தனையும் இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் நான்கு ஆண்டு என்பது ஓர் இயந்திரத்துக்கு. ஆயிரம் இயந்திரம் இருந்தால் ஒன்றரை நாள். விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட கிராஃபிக்ஸ் அட்டைகள் இங்கேதான் ஆட்டத்தை மாற்றின. ஆர்டிஎக்ஸ் 4090 என்ற அட்டையில் மட்டும் 16,384 சிறு கணிப்பான்கள். சுற்றுகளைப் பிரிக்க முடியாவிட்டால் என்ன, ஆளுக்கு ஓர் ஊகம் என்று பிரித்துக்கொள்கின்றன.

தன்னுடைய காப்புப்பிரதிச் சேவைக்காக இதை யோசித்துக்கொண்டிருந்த காலின் பெர்சிவல் 2009இல் எஸ்கிரிப்ட் என்ற முறையை வெளியிட்டார். நேரத்தை மட்டுமல்ல, நினைவகத்தையும் செலவு வைக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. கடவுச்சொல் ஹேஷ் முறைகளுக்காக 2013 முதல் 2015 வரை நடந்த பன்னாட்டுப் போட்டியில் வென்ற ஆர்கான்2வும் அதே பாதையில் வந்தது. லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் பிர்யுகோவ், டேனியல் டினு, டிமிட்ரி கோவ்ரடோவிச் மூவரும் வடிவமைத்தது. ஒவ்வோர் ஊகத்துக்கும் 64 மெகாபைட் இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 24 ஜிகாபைட் நினைவகம் உள்ள அந்த அட்டையில் ஒரே நேரத்தில் 384 ஊகங்களுக்குத்தான் இடம். மீதிக் கணிப்பான்கள் உட்கார இடமில்லாமல் நிற்கும். இன்று புதிதாக ஒரு நிரல் எழுதுகிறவர் ஆர்கான்2 கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முறைகளால் முடியாததையும் சொல்லியாக வேண்டும். அவை சொல்லின் பலத்தைப் பெருக்கும். பலமே இல்லாத சொல்லைப் பெருக்கிப் பயன் இல்லை. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் கசிந்தன. அவற்றில் முதலிடம் “123456”. 2,90,731 பேர் அதையே வைத்திருந்தார்கள். 6,00,000 சுற்று ஓட்டினாலும் நம் இயந்திரம் நொடிக்கு 1,600க்கு மேல் ஊகிக்கும். முதல் ஆயிரம் இடத்தில் இருக்கும் எந்தச் சொல்லும் ஒரு நொடி தாங்காது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995இல் தொடங்கிய டைஸ்வேர் முறையில் 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். ஆறு சொல் எடுத்தால், நீட்டல் எதுவும் இல்லாமலே நம் இயந்திரத்துக்கு 70 லட்சம் ஆண்டு பிடிக்கும். நான்கு சொல் என்றால் 42 நாள்; அதில் 6,00,000 சுற்றைச் சேர்த்தால் சுமார் 70,000 ஆண்டு. நீட்டல் உண்மையில் காப்பாற்றுவது இந்த நடுத்தரச் சொற்களை: சுமாராக நல்ல, நினைவில் நிற்கிற, ஆனால் தனியாக நின்றால் விழுந்துவிடுகிற சொற்களை. பகடை உருட்டுவதை விளையாட்டு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மனிதன் “தற்செயலாக” யோசிக்கும் சொல் தற்செயல் இல்லை. அது பெரும்பாலும் குலதெய்வம், பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு என்றே போய் நிற்கும்.

தமிழில் சொற்றொடர் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் இரண்டு பள்ளம் இருக்கிறது. நிரல் எழுதுகிற தமிழர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். யூனிகோடில் “கொக்கு” என்பதன் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளில் முதலாவது 18, இரண்டாவது 21. ஹேஷுக்குப் போகும்போது அவை முற்றிலும் வேறு சொற்கள், வேறு சாவிகள். கைபேசி விசைப்பலகை ஒருவிதமாகவும் கணினி வேறுவிதமாகவும் எழுதினால், சரியான சொல்லைத் தட்டியும் பெட்டி திறக்காது. அரைப்பதற்கு முன் என்எஃப்சி என்ற சீர்வடிவுக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும். ஒரு வரி நிரல்தான்.

இன்னொன்று நீளம். பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். ஆங்கிலத்துக்கு அது 72 எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். “மழைக்காலம்” என்ற ஒரு சொல்லே 30 பைட். மூன்றாவது சொல்லின் பாதியில் பிகிரிப்ட் நின்றுவிடும். மீதியை எவ்வளவு நீளமாக வைத்தாலும் அது கணக்கில் வராது. ஆர்கான்2வுக்கும் பிபிகேடிஎஃப்2வுக்கும் இந்தத் தடை இல்லை.

வலுவான முறையை வைத்துவிட்டு வேறோர் இடத்தில் கோட்டை விடுவதும் நடக்கிறது. 2015இல் தரவு கசிந்த ஆஷ்லி மேடிசன் தளம் கடவுச்சொற்களை பிகிரிப்ட்டில் நல்ல செலவு எண்ணோடுதான் வைத்திருந்தது. ஆனால் அதே கடவுச்சொற்களிலிருந்து வேறொரு தேவைக்காக எம்டி5 என்ற வேகமான ஹேஷையும் போட்டு வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக் குழு ஒன்று அந்த வழியாகப் போய் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை வெளியே எடுத்தது. கடவுச்சொல் தொடும் ஒவ்வோர் இடத்திலும் அது மெதுவான வழியாகத்தான் போக வேண்டும்.

இனி ரூட்டருக்கு வருவோம். டபிள்யூபிஏ2வின் 4,096 சுற்று 2004ஆம் ஆண்டின் தரநிலையில் பதிந்துபோன எண். அதில் பிகிரிப்ட்டைப் போல் திருகு கிடையாது. உங்கள் வீட்டுக்கு வெளியே நிற்கிறவர், விருந்தாளி இணையும் நேரத்தில் போகும் அந்த நான்கு செய்திகளைப் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கலாம். இந்தியக் கைபேசி எண் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும். அதனால் மொத்த எண்கள் 400 கோடிக்கு மேல் போகாது. மேலே சொன்ன கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று டபிள்யூபிஏ2 ஊகங்களை நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் செய்யும். 400 கோடியையும் முடிக்க அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் போதும். அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இப்படி வெளியே கொண்டுபோய் ஊகிப்பதைத் தடுக்கிறது. ரூட்டரும் வீட்டுக் கருவிகளும் அதற்கு இடம் கொடுத்தால் மாறிவிடுங்கள்.

இல்லாவிட்டால் இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தாயக்கட்டத்துக்கு வைத்திருக்கும் ஆறு முகப் பகடை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். டைஸ்வேர் பட்டியலிலிருந்து ஐந்து சொற்களை உருட்டி எடுத்து, அவற்றை ஆங்கில எழுத்தில் சேர்த்தெழுதி, வைஃபையின் கடவுச்சொல்லாக வையுங்கள். அதன் பெயரையும் உங்கள் வீட்டுக்கு மட்டுமே உரிய ஒன்றாக மாற்றுங்கள். சொற்களை ஒரு தாளில் எழுதி ரூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் பரவாயில்லை. தெருவில் நிற்கிறவருக்கு அந்தத் தாள் தெரியாது, விருந்தாளிக்குத் தெரிந்தால் போதும்.